மூன்றாவது ஜன்னலின் வெள்ளை

என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எங்கள் ஊரான பூச்சோங்கில் காலை நேரத்துக்கு இடம் கிடைக்காததால் கிள்ளானுக்குப் போகிறோம். அவர் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும், நான் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது எனக்கு வராத வேலை. முதல் மாதம் முழுக்க அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவதும் எழுவதும் கடிகாரத்தை முறைப்பதுமாக இருந்தேன். கடைசியில் அங்கிருந்த தாதிக்கே பொறுக்கவில்லை.

"ஆன்டி, நீங்க நடக்கிறத பாத்து பேஷண்ட்டுக்கெல்லாம் பிரஷர் ஏறுது லா. கொஞ்சம் வெளிய போய்ட்டு வாங்க."

போனேன். நான் தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அடுத்த முறை நீர்வண்ணப் பெட்டியும் மடக்கு நாற்காலியும் காரில் ஏறின.

அன்றிலிருந்து கிள்ளானின் கடைத்தெருக்களில் அலைகிறேன். புடவைக்கடை வாசல், மசாலைக் கடையின் மூட்டைகள், மின்கம்பியில் காக்கைகள். ஒன்றையும் முடித்ததில்லை. இந்த ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஒரு பூச்சு காய இருபது நிமிடம் ஆகும், என் பொறுமை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஈரத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை வைப்பேன், எல்லாம் குழம்பிச் சேறாகும். அதற்குள் அவர் கையில் குத்தியிருக்கும் ஊசிகள் ஞாபகம் வரும். நாற்காலியை மடக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பிவிடுவேன்.

திரும்பும் வழியில் காரில் அவர் படங்களைப் புரட்டுவார்.

"இன்னிக்கு எந்தக் கடைய பாதியில விட்ட?"

ஒருநாள் கேலி இல்லாமல் கேட்டார். "ஊரையே வரையிற. நான் இருக்கிற எடத்த மட்டும் வரைய மாட்டேங்கிற."

"கட்டடம் அழகா இல்லீங்க" என்று சமாளித்தேன். உண்மை அதுவல்ல. எனக்கு அந்தக் கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கவே பயம்.

ஒரு காலையில் மழை பிடித்துக்கொண்டது. டயாலிசிஸ் மையத்துக்கு நேர் எதிரே, பூக்கடை முன் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் ஒதுங்கினேன். எங்கேயும் நகர முடியவில்லை, கண்ணெதிரே அந்தக் கட்டடம்தான் இருந்தது. முதல் மாடியில் நான்கு ஜன்னல்கள், மூன்றாவதன் ஓரம் அவர் கட்டில். சரி, வரைந்து தொலைப்போம் என்று தாளை எடுத்தேன்.

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூசுவதில்லை. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை முதலிலேயே தொடாமல் விட வேண்டும், மறந்தால் பிறகு மீட்க முடியாது. வகுப்பு வகுப்பாகத் தொண்டை கிழியக் கத்திய பாடம். அன்று நான் தட்டைத் தூரிகையில் சாம்பல் நிறத்தை அள்ளி, கட்டடம் முழுவதும் ஒரே இழுப்பாக இழுத்தேன். நான்கு ஜன்னல்களும் அதில் போயின.

அப்போது கைப்பேசி அடித்தது. "ஆன்டி, அங்கிளுக்கு பிரஷர் எறங்கிடுச்சு. இப்ப பரவால்ல, ஆனா நீங்க வந்துடுங்க."

எல்லாவற்றையும் போட்டுவிட்டு மழையில் ஓடினேன். அவர் காலை உயர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள், முகம் வெளுத்திருந்தது. பாதத்தைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. சூடு ஏறும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அவரைக் காரில் ஏற்றும்போது பூக்கடைக்காரர் என் சாமான்களோடு வந்தார். படத்தை வாழையிலையில் பொதிந்திருந்தார். "அக்கா, படம் நனையல."

கணவர் பிரித்து வெகுநேரம் பார்த்தார். "எல்லா ஜன்னலும் இருட்டா இருக்கே. எனக்கு லைட்டு எரிஞ்சுதே."

கைப்பேசி அடிக்கும் முன்பே அந்த விளக்கை அணைத்தவள் நான். அழுகையாக வந்தது, வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

"அடுத்த வாட்டி என் லைட்ட மொதல்ல விடு. அப்புறம் ஒன் இஷ்டத்துக்குப் பூசு" என்றார்.

அடுத்த முறை அதே அஞ்சடியில், மூன்றாவது ஜன்னலுக்குக் கட்டம் போட்டு அதைத் தொடாமல் விட்டேன். சுற்றிலும் சாம்பல் பூசினேன். காயட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கால் பரபரத்தது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் ஊசி இல்லாத கை ஒன்று உயர்ந்து ஆடியது. நானும் தூரிகையோடு கையை ஆட்டினேன், சாம்பல் சொட்டுகள் புடவையில் விழுந்தன.

காரில் கேட்டேன். "இன்னிக்கு என்ன புதுசா கை காட்டுறீங்க?"

"புதுசா? ஊசி குத்துனதும் நீ வெளிய ஓடுவ இல்ல, அப்ப ஒவ்வொரு வாட்டியும்தான் காட்டுறேன். நீ ஒருநாளும் திரும்பிப் பாத்ததில்ல."