ஜரீனா மிஸ்ஸி வாபஸ் வாங்கவில்லை

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் லட்டு வாங்கிக்கொண்டு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்ல காரியத்துக்கு இல்லை. ஒரு நர்ஸிடம், அவர் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கச் சொல்ல.

என் தம்பி சரவணன் லோரி டிரைவர். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட அவன் மகள், அங்கேதான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். முந்தின நாள் அவன் பார்க்கப் போன நேரம், மானிட்டர் அலறியிருக்கிறது. குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் ஜரீனா, "அண்ணே, கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று தடுத்திருக்கிறார். இவன் பிடித்துத் தள்ளிவிட்டான். அவர் மணிக்கட்டு டிராலியில் போய் இடித்தது.

செக்யூரிட்டி கார்ட் வந்து இவனை இழுத்துப் போனார். ஜரீனா? மற்றக் கையால் குழந்தையின் முதுகைத் தேய்த்து, மூச்சு சீரான பிறகுதான் தன் கையைப் பார்த்தாராம்.

அந்தக் கையில் பேண்டேஜோடுதான் என்னிடம் பேச வந்தார்.

"பயத்துல செஞ்சிட்டான்மா. அந்த ரிப்போர்ட் மட்டும்..." என்று இழுத்தேன்.

"பயம் எனக்கும்தான் இருந்துச்சு அக்கா. நான் யாரையும் தள்ளலையே. இங்க திட்டு வாங்காத மிஸ்ஸியே இல்ல. நான் விட்டுட்டா, நாளைக்கு இன்னொருத்தி கை. ரிப்போர்ட் இருக்கட்டும் லா."

லட்டையும் வாங்கவில்லை. அடுத்த கேள்வி என்ன தெரியுமா?

"அம்மாவோட பால் கொண்டு வந்தீங்களா? பாப்பாவுக்குப் பசி நேரம்."

நர்ஸ் என்றால் தேவதை என்கிறோம். நமக்கு அது சௌகரியம். தேவதைக்கு வலிக்காது, கோபம் வராது, முக்கியமாக... போலீசுக்குப் போகாது. நானும் அந்த நம்பிக்கையில்தானே கிளம்பினேன்?

சில நாள் கழித்து, கார்ட் கூடவே நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரவணனை உள்ளே விட்டார்கள். மன்னிப்புக் கேட்டான். ஜரீனா தலையை மட்டும் அசைத்தார். பிறகு சட்டைப் பட்டனைக் கழற்றச் சொல்லி, குழந்தையை அவன் நெஞ்சில் சாய்த்து வைத்தார்.

"மெதுவா மூச்சு விடுங்க அண்ணே. நீங்க பதறினா பாப்பாவும் பதறுவா," என்றாராம். வெளியே வந்து இதைச் சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அன்று சாயங்காலம் எங்கள் மாமா அவனுக்குப் போன் செய்தார். போலீஸில் தெரிந்த ஆள் இருக்கிறார், கேஸை முடித்துவிடலாம் என்றார்.

"வேணாம் மாமா. நான்தானே தள்ளுனேன். ஸ்டேஷன்ல அதையே சொல்லிட்டு வரேன்," என்றான் சரவணன்.

போனான். நான்தான் கார் ஓட்டினேன்.