ராஜையன் போட்ட பிரேக்

அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிற ராஜையனுக்கு ஒரு வீம்பு உண்டு. தன் பைக்கை ஒர்க்‌ஷாப்பில் விடமாட்டார். செயின் மாற்றுவதானாலும் சரி, பிரேக் ஷூ போடுவதானாலும் சரி, தன் கையால்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் கை பிசகியதில்லை. அதைப் போகிற வருகிறவனிடமெல்லாம் சொல்லவும் மனுஷன் மறந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பின்சக்கரத்துக்குப் புது ஷூ போட்டார். சாயங்காலம் மனைவியின் தம்பி ஸ்டெனி, பெண் பார்க்கப் போகணும், தன் வண்டி பழசு என்று அத்தானின் வண்டியை வாங்கிப் போய், ராத்திரி திருப்பிக் கொண்டுவந்து விட்டான். மறுநாள் மகள் ஜினிஷாவைப் பின்னால் வைத்துச் சர்ச்சுக்குப் போகும்போது, இறக்கத்தில் பின் பிரேக் பிடிக்கவே இல்லை. பதறி முன் பிரேக்கை அமுக்க, சரளில் வண்டி வழுக்கியது. பிள்ளைக்கு முழங்கை எலும்பு விட்டுப்போயிற்று.

"போரும் ஒங்க மெக்கானிக் வேல! இனி பிள்ளைய அதுல ஏத்தப்பிடாது" என்றாள் மனைவி பூங்கனி.

"தெரிஞ்சவன்கிட்ட விட்டிருக்கலாம்லா, அத்தான்?" என்று ஸ்டெனியும் உச்சுக்கொட்டினான். மறுவாரம் முதல் பிள்ளையை அவனே தன் வண்டியில் பள்ளிக்கூடம் கொண்டுபோனான். அதுகூடப் பரவாயில்லை. அப்பாவின் வண்டியைக் கண்டாலே ஜினிஷா ஒதுங்கி நின்றாள். அதைத்தான் ராஜையனால் தாங்க முடியவில்லை.

பால் வெட்டி வந்ததும் தினமும் வண்டியோடு மல்லுக்கட்டினார். நட்டை முறுக்கிப் பார்த்தார், கம்பியை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. பத்தாம் நாள் சக்கரத்தையே கழற்றினார். ஷூ இரண்டும் பளபளவென்று எண்ணெயில் ஊறிக் கிடந்தன. அச்சுக்குப் போட்ட கிரீஸ்தான் உருகி இறங்கியிருக்கிறது, பாவி நான்தான் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டடிக்கிற ஆசிட் வாடையில் மூக்கு எப்போதோ செத்துப்போன ஆள் அவர்.

கைக்கட்டோடு வந்து எட்டிப் பார்த்த ஜினிஷாதான் சொன்னாள்:

"அப்பா, இதுல மாமாக்க தலையெண்ண மணக்கு."

வெந்தயமும் கறிவேப்பிலையும் போட்டு, தம்பிக்கு முடி கொட்டுகிறதே என்று பூங்கனி காய்ச்சிக் கொடுக்கிற தேங்காய் எண்ணெய்.

"ஏட்டி, வாய மூடு!" பூங்கனி அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

ராஜையன் அவள் முகத்தைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"பிள்ள விழுந்த அன்னைக்கே சொன்னான். புது பிரேக்கு கீச்சுகீச்சுன்னு கத்திச்சாம். பெண்ணு வீட்டு முன்னால மானம் போவுமேன்னு, ஷீட்டடிக்கிற ரோலருக்கு விடுகது மாதிரி ரெண்டு சொட்டு விட்டானாம். கல்யாணம் கூடி வருக நேரம்... எனக்க தம்பிலா..."

"அப்போ நான் ஆரு?"



ராஜையன் வேறு ஷூ வாங்கி, பிரேக் டிரம்மைப் பெட்ரோல் விட்டுத் துடைத்து மாட்டினார். விடிந்ததும் ஜினிஷா பள்ளிக்கூடம் போகத் தானாகவே வந்து அப்பாவின் வண்டியில் ஏறிக்கொண்டாள். பூங்கனி சோற்றுப் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே, "நானும் முக்கு வரைக்கும் வரட்டா?" என்று கேட்டாள்.

ராஜையன் பாத்திரத்தை வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்தார்.

"ஒனக்க தம்பி வருவான். அவன்கூட வா."