முப்பத்தேழு பேர் நடந்த அணிவகுப்பு

சென்ற ஆண்டு ஆவணி மாதம் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை மணி 6.25. இரவெல்லாம் பெய்த மழை ஐந்து மணிக்கே விட்டிருந்தது. மேகம் கலையவில்லை, காற்றும் இல்லை. கொல்லையில் தென்னை மட்டைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அண்ணன் தம் எழுபத்தேழாவது வயதில் நம்மை விட்டுப் பிரிந்தார். மருத்துவர் 6.40 என்று எழுதிக் கொடுத்தார். அவர் வந்ததே 6.40க்குத்தான். கையில் கடிகாரத்தோடு கட்டிலருகே இருந்தவன் நான், எனவே 6.25 என்பதே சரி.

இந்த நினைவு மலரில் எனக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருப்பதாக அண்ணன் மகள் சொன்னாள். அட்டையில் போட்டிருக்கும் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அதில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். அவர் நின்றுகொண்டிருக்கும் படங்கள் ஒன்பது இருந்தன. சொன்னேன், கேட்கவில்லை. போகட்டும்.

கீரமங்கலத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் உள்ள எங்கள் ஊரில், எங்கள் பெற்றோருக்கு மூத்த மகனாகப் பிறந்தார் அண்ணன். நான் மூன்று வயது இளையவன். வேறு பிள்ளைகள் இல்லை. அண்ணன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பாம்பு கடித்து இறந்தார். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். அதில் ஆத்தா கடலை போட்டு எங்களை வளர்த்தார்கள். பத்தாம் வகுப்பை முடித்ததும் அண்ணன் பள்ளியை விட்டு நின்று என்னைப் படிக்க வைத்தார். நான் பி.யு.சி. வரை போனது அவர் தென்னந்தோப்புகளில் தேங்காய் உரித்த கூலியில்.

அண்ணனின் இருபதாம் வயதில் புதுக்கோட்டையில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். மார்பளவில் அரை அங்குலம் குறைந்தது. அளந்தவர், "அடுத்த தடவை வா தம்பி" என்றாராம். அண்ணன் மூச்சை இழுத்துப் பிடித்தபடி, வாயைத் திறக்காமல், "இன்னொரு தடவ அளங்க" என்று கையாலேயே காட்டியிருக்கிறார். அளந்தவர் சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "அன்னைக்கு இழுத்த மூச்ச இன்னும் விடலடா" என்று அண்ணன் சொல்வதுண்டு.

பதின்மூன்று வருடம் வடக்கே எல்லையில் பல ஊர்கள். அதன்பின், புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு நடைப் பயிற்சி தரும் வேலைக்காக அவரைத் தேர்ந்தெடுத்து, மலைமேல் இருந்த பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பயிற்றுநரை 'உஸ்தாத்' என்று அழைப்பார்கள். பேஸ் ஸ்டிக் என்ற, கவராயம் போல விரியும் மரக்கோல் ஒன்று எப்போதும் அவர் அக்குளில் இருக்கும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் முப்பது அங்குலம் இருக்க வேண்டும். அதை அளக்க அந்தக் கோல். நாற்பது பையன்கள் அவர் பொறுப்பில் வருவார்கள். வரும்போது ஒருவனுக்கும் நிற்கத் தெரியாது என்பார்.

ஒருமுறை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். மைதானத்தின் மறுகோடியில் அண்ணன் நிற்கிறார். குரல் என் காதுக்குள் கேட்கிறது.

"டேய், மூனாவது வரிச, கடைசி ஆளு! கீரமங்கலம் சந்தைக்கா போற? வாழத்தாரு தூக்குன மாதிரி தோளச் சாய்க்கிற! நிமுருடா ராசா!"

இதற்கு மேல் அவர் வசவு போனதில்லை. தாயை இழுத்துத் திட்டும் வழக்கம் அந்த மைதானத்தில் சாதாரணம் என்று சொல்வார்கள். அண்ணன் ஒருநாளும் செய்யவில்லை. மாலையில் அதே பையன்களை வரிசையாக உட்கார வைத்து, பூட்ஸைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருவன் குதிகாலையும் தாமே பிடித்துப் பார்ப்பார். கொப்புளம் இருந்தால் மறுநாள் அவனுக்கு நடை கிடையாது. எண்பது குதிகால். நான் எண்ணினேன்.

வீட்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அண்ணி, "அங்கிட்டே எல்லாத்தையும் கத்தித் தீத்துட்டு வந்துர்றாரு, இங்கிட்டு மிச்சமே இல்ல" என்பார்கள். என் கல்யாணத்தின்போது விடுப்பில் வந்திருந்தார். பந்திக்குக் கூட்டம் முண்டியடித்தது. அண்ணன் வாசலில் போய் நின்று, மெதுவாகத்தான், "மாமா, ரெண்டடி பின்னால வாங்க. சித்தப்பா, அவரு தோளுக்கு நேரா நில்லுங்க" என்றார். ஐந்தே நிமிடத்தில் முப்பத்திரண்டு முப்பத்திரண்டு பேராக உள்ளே போனார்கள். எங்கள் தாய்மாமன் இலையில் உட்கார்ந்ததும் அண்ணனுக்கு ஒரு சல்யூட் அடித்து, "சாப்புடலாமா, இல்ல உத்தரவு வரணுமா?" என்று கேட்டார். அண்ணன் கூச்சப்பட்டுச் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

இனி, உறவினர் பலரும் அரைகுறையாகக் கேள்விப்பட்ட ஒன்றை முழுதாக எழுதுகிறேன்.

என் மூத்த மகன் செல்வம் பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தான். அப்போது நான் பஸ் கண்டக்டர். பிறகுதான் பரிசோதகர் ஆனேன். செல்வம் அனுப்பப்பட்டது அண்ணன் இருந்த அதே மையத்துக்கு, அவருடைய அதே குழுவுக்கு. பெரியப்பாவே உஸ்தாத் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஆனால் முதல் வாரத்திலேயே பையனிடம் ஒரு கோளாறு தெரிந்தது. நாம் நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னால் போகும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செல்வமும் தெருவில் அப்படித்தான் நடப்பான். 'நட' என்று உத்தரவு வந்துவிட்டால் மட்டும் பதற்றத்தில் வலது காலோடு வலது கையும் சேர்ந்து போய்விடும். பட்டாளத்தில் இது புதிய கோளாறு அல்ல; பத்துக் குழுவில் எட்டில் இப்படி ஒருவனாவது இருப்பானாம். சரிசெய்ய முடியாவிட்டால் அடுத்த அணியோடு சேர்த்துவிடுவார்கள். மிகவும் மோசமென்றால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள்.

அண்ணன் இரண்டு நீளக் கம்புகளை எடுத்து, முன்முனைகளைப் பையன் கைகளில் கொடுத்து, பின்முனைகளைத் தாம் பிடித்துக்கொண்டு, அவன் பின்னாலேயே நடந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் மற்றவர்கள் துணி துவைக்கும் நேரத்தில் இருவரும் நடந்தார்கள். செல்வம் அவரைப் பெரியப்பா என்று ஒருமுறைகூடக் கூப்பிடக்கூடாது என்று கட்டளை. அவன் எழுதிய கடிதங்களில்கூட 'உஸ்தாத்' என்றே இருந்தது.

பயிற்சி முடிந்து நடக்கும் இறுதி அணிவகுப்புக்குப் பெற்றோரை அழைத்தார்கள். நாங்கள் ஏழு பேர் போனோம். என் மனைவி அதிரசமும் முறுக்கும் இரண்டு டப்பா நிறையச் செய்து எடுத்துக்கொண்டாள். மலையில் நல்ல பனி. வாத்தியம் முழங்க அண்ணனின் குழு வந்தது. என் வேலையே தலை எண்ணுவது. முப்பத்தேழு. மறுபடி எண்ணினேன். முப்பத்தேழுதான். நடு வரிசையில் மூன்று பேர் குறைவு; குறைந்த மூவரில் ஒருவன் என் மகன்.

எல்லாம் முடிந்து அண்ணன் எங்களிடம் வந்தார்.

"என்னண்ணே, செல்வம் எங்க?"

"சமையல்கூடத்துக்குப் பின்னால நிக்கிறான். போயிப் பாருங்க. அடுத்த பேட்சோட வருவான். பத்து வாரந்தான்."

"நிப்பாட்டுனது யாரு?"

"நாந்தான்."

என் மனைவி அதுவரை அண்ணனிடம் நேர்நின்று பேசியவள் இல்லை. அன்று பேசினாள். "ஏன் மாமா, சண்டைக்குப் போறவனுக்குக் கை எந்தப் பக்கம் வீசுனா என்ன? துப்பாக்கிய ரெண்டு கையாலயுந்தான புடிக்கப் போறான்?"

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் அவளுக்கு மேலும் கோபம். "சொந்தப் புள்ளையா இருந்தா நிப்பாட்டுவீகளா?" என்று கேட்டாள். சிரிப்பு நின்றது. டப்பாக்களைக் காட்டி, "அங்க மூனு புள்ளைக நிக்கிதுக. மூனு பேத்துக்கும் குடுத்துட்டுப் போங்க" என்றார். கோபத்தோடுதான் போனாள், ஆனால் மூவருக்கும் சமமாகத்தான் கொடுத்தாள்.

ஊருக்குத் திரும்பினால் கேட்காதவர் இல்லை. 'பெரியப்பன் வாத்தியாரு, மகன் பெயிலு' என்று டீக்கடையில் பாட்டாகவே ஆயிற்று. செல்வம் பத்து வாரம் கழித்து நல்லபடியாக வெளியே வந்தான். அந்த அணிவகுப்புக்கு நான் மட்டும் போனேன், அண்ணனைப் பார்க்காமல் திரும்பினேன். ஓராண்டு அவரோடு பேசவில்லை.

அந்த ஓராண்டின் முடிவில், நான் வேலை பார்த்த புதுக்கோட்டை–கீரமங்கலம் பஸ்ஸிலேயே ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டியோடு அண்ணன் ஏறினார். இருபத்துநான்கு வருட சேவை முடிந்து வருகிறார். கண்டக்டர் பேசாமல் இருக்க முடியாது.

"எங்க?" என்றேன்.

"கீரமங்கலம் ஒன்னு."

"பெட்டிக்கு லக்கேஜ் போடணும்."

"போடுய்யா. ஆளும் இனிமே லக்கேஜுதான், சேத்தே போட்டுரு."

பக்கத்து சீட்டில் இருந்த பூக்காரம்மா சிரித்துவிட்டார். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன். சிரித்தபின் பேசாமல் இருப்பது எப்படி? ஆலங்குடி தாண்டுவதற்குள் ஆத்தாவின் மூட்டுவலி வரை பேசிவிட்டோம். அணிவகுப்பைப் பற்றி மட்டும் அன்றும் பேசவில்லை, அதன்பின் முப்பத்துமூன்று வருடமும் பேசவில்லை.

ஊரில் அண்ணன் மல்லிகை போட்டார், தென்னை வைத்தார். மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தார். ஆத்தாவைக் கடைசி நான்கு வருடம் தாமே தூக்கிக் குளிப்பாட்டினார். புயலில் எழுபத்தோரு தென்னையில் அறுபத்தாறு விழுந்தபோதும், "அஞ்சு நிக்கிதுல்ல, அத நேரா நிக்க வைப்போம்" என்றார். கடைசி இரண்டு வருடம் சிறுநீரகக் கோளாறு. வாரம் இருமுறை புதுக்கோட்டை போய் ரத்தம் சுத்திகரித்து வருவோம். நர்ஸ் ஊசி எடுத்தால், "அசையாம நிக்கிறதுதாம்மா என் தொழிலு, பயப்படாமக் குத்து" என்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து சுப்பையா என்பவர் வந்தார். அண்ணன் இருந்த அதே மையத்தில், அதே காலத்தில், இன்னொரு குழுவுக்கு உஸ்தாதாக இருந்தவர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது செல்வத்தைப் பார்த்து, "நீங்கதான அந்தத் தம்பி மகன்? ஒங்களாலதானப்பா அவருக்கு ஸ்டார் போச்சு" என்றார், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல.

செல்வத்துக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். "என்னங்கய்யா சொல்றீங்க?" என்று கேட்டான். அவர்தான் திகைத்துப் போனார்.

அவர் சொன்னது இது. பயிற்றுநரின் சொந்தக்காரப் பையன் அவர் குழுவிலேயே வந்தால், உடனே மேலதிகாரியிடம் சொல்லி வேறு குழுவுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது அங்கே முறை. அண்ணன் சொல்லவில்லை.

"சொல்லியிருந்தா என் ஸ்குவாடுக்குத்தான் வந்திருப்பான்" என்றார் சுப்பையா. "நான் ஒரு மாசம் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு ஏது அம்புட்டுப் பொறுமை? அதுக்குப் பயந்துதான் மறைச்சாரு. கம்பப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே அலைஞ்சாரே!"

இறுதித் தேர்வு நாளன்று அதிகாரி குழுவை நடக்கவிட்டுப் பார்த்தார். அதற்கு முந்தின வாரமே அண்ணன் இதே கோளாறுக்காக வேறு இரண்டு பையன்களை நிறுத்திவிட்டிருந்தார். நடு வரிசையில் இருந்த செல்வம் ஒரே ஒரு திருப்பத்தில் நான்கு அடி தவறினான். அதிகாரி கவனிக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி என்று சொல்லிவிட்டார். அண்ணன் முன்னால் போய், "ஒருத்தன் இன்னும் தயாராகல சாப்" என்றாராம்.

அதிகாரி, "நான் பார்க்கவில்லையே" என்றார்.

"நான் பாத்தேன் சாப்."

"அந்த ஒருவன்மேல் உனக்கென்ன அத்தனை கண்?"

"என் தம்பி மகன் சாப்."

"சொல்லாம வாய மூடிட்டு நின்னிருந்தா ஒன்னுமில்ல" என்றார் சுப்பையா. "வெளிய வந்ததும் நானே கேட்டேன், ஏண்ணே இப்புடி ஒளறுனீங்கன்னு. 'ரெண்டு ஏழப் புள்ளைகளச் சமையல்கூடத்துக்குப் பின்னால நிறுத்திட்டு, என் புள்ளைய மட்டும் நடு வரிசையில ஒளிச்சு அனுப்பவா? அந்த ரெண்டு பேரு மூஞ்சியில நாளைக்கு எப்புடிறா முழிப்பேன்'னாரு."

'என் புள்ளைய' என்றுதான் சொன்னாராம். என் மனைவி அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உறவை மறைத்ததற்காக அவருக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. அந்த வருடம் வரவிருந்த நாயப் சுபேதார் பதவி உயர்வு நின்றுபோயிற்று. அது வந்திருந்தால் மேலும் சில வருடம் பட்டாளத்திலேயே இருந்திருப்பார். வராததால்தான் பெட்டியோடு என் பஸ்ஸில் ஏறினார். ஒரே வீட்டில் இத்தனை காலம் இருந்து, என்னோடு தினமும் மாலை நடந்து, இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாதது அண்ணன் செய்த தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

அண்ணனின் நோய்க்காலத்தில் காரைக் கொடுத்துதவிய பக்கத்து வீட்டார், சுத்திகரிப்புப் பிரிவில் அன்போடு கவனித்த செவிலியர், மறைந்த அன்று காசு வாங்காமல் மாலைகள் அனுப்பிய கீரமங்கலம் பூ வியாபாரிகள், தோள்கொடுத்த முன்னாள் படைவீரர்கள் ஆறு பேர், வெகுதூரம் வந்து உண்மையைச் சொன்ன சுப்பையா ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

சுப்பையா பஸ் ஏறும்போது ஒன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன். ஒரு ஸ்டார் போயிற்று என்று அவர் சொன்னது பேச்சு வழக்கு. அந்தப் பதவிக்கு ஒவ்வொரு தோளிலும் ஒரு நட்சத்திரம் வைப்பார்கள். ஆகவே என் மகனால் அண்ணன் இழந்தது மொத்தம் இரண்டு.