கட்டையில் நின்ற பஸ்

காலை ஆறு நாற்பதுக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு மரக்கட்டை. பஸ் முழுதாக நிற்பதற்கு முன்பே கண்டக்டர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்தார். பின் டயருக்குக் கீழே செருகி, குதிகாலால் ஓர் உதை விட்டார். ஏற்றத்தில் நின்ற பஸ் ஒரு சாண் பின்னால் வந்து கட்டையில் சாய்ந்து நின்றது. பிறகுதான் பிள்ளைகள் ஏறினார்கள். என் மகள் எட்டாவதாக ஏறினாள்.

இரண்டு வருடமாகத் தினமும் நடந்ததுதான் இது. நான் அதைக் கவனித்துப் பார்த்தது அன்றுதான். முதல் நாள் மாலை படித்த ஓர் அறிவித்தல் என்னைப் பார்க்க வைத்தது.

எண்பதுகளின் தொடக்கம். கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடொன்றில் குடியிருந்தோம். மனைவி கொழுந்து பறித்தாள். நான் நுவரெலியாவில் ஓர் அச்சகத்தில் எழுத்துப் பிழை திருத்துபவன். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு இடையிடையே செய்தியும் அனுப்புவேன். அச்சகத்தில் கிடந்த இரண்டு வாரப் பழைய ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில், பஸ்களை இறக்குமதி செய்த கம்பெனி அந்த அறிவித்தலைப் போட்டிருந்தது. ஒரு தொகுதி பஸ்களின் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் தரமற்றது. மிதியை அழுத்திப் பிடித்திருக்கும்போதே எண்ணெய் கசிந்து பிரேக் விட்டுப்போகலாம். அந்தப் பஸ்களை உடனே ஓட்டத்திலிருந்து எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கீழே அந்தப் பஸ்களின் அடிச்சட்டத்து செஸி இலக்கங்கள். சிங்களப் பத்திரிகையிலும் இதே அறிவித்தல் இருந்தது. அந்த இரண்டு வாரத்துத் தமிழ்ப் பத்திரிகைகளையும் அப்போதே புரட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை, நான் செய்தி அனுப்பும் பத்திரிகை உட்பட.

இலக்கங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். அன்று மகளுக்குப் பின்னால் நானும் ஏறினேன். டிரைவரின் கால் பக்கத்தில் ஆணியடித்திருந்த தகட்டைத் துடைத்துப் படித்தேன். பட்டியலில் ஏழாவது இலக்கம்.

"அண்ணே, பிரேக் எப்பிடி இருக்கு?" என்று டிரைவரிடம் கேட்டேன். கந்தப்பளைக்காரர், ஐம்பது வயது, நிதானமானவர்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒருக்கா மிதிச்சா யோசிக்கும். மூணு தடவ மிதிச்சா புடிக்கும்."

கண்டக்டர் சிரித்தார். "இவரு சம்சாரமும் அப்பிடித்தாங்க. மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கும்."

பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்த இடத்திலேயே மகளை இறக்கியிருக்க வேண்டும். நான் இறக்கவில்லை. பஸ் டிப்போவில் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்கள் என்று நம்பினேன்.

டிப்போ அதிகாரி மரியாதையானவர். பத்திரிகைக்குச் செய்தி அனுப்புபவன் என்றதும் என்னை மாத்தயா, அதாவது ஐயா, என்று அழைத்தார், தேநீர் வரவழைத்தார், கோப்பை ஒளிக்காமல் காட்டினார். டிப்போவில் அந்தத் தொகுதியைச் சேர்ந்த பஸ்கள் மூன்று இருந்தன. நகரத்துப் பாடசாலைகளுக்கு ஓடிய இரண்டும் பத்து நாளைக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டன. அன்றைக்கே அவற்றுக்குப் பதிலாக வேறு இரண்டு பஸ்கள் ஓடத் தொடங்கின. மூன்றாவது எங்களுடையது. அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி: பிரேக் பற்றிச் சாரதியின் முறைப்பாடு உண்டா? இல்லை என்று எழுதி, டிரைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"முறைப்பாடு இல்லாத பஸ்ஸை எப்படி நிறுத்துவது?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். "அது தோட்டத்து ரோடு. வேகம் கிடையாது. கட்டையும் வைக்கிறார்களே, மாத்தயா."

படிவத்தின் குறிப்புப் பகுதியிலும் அதிகாரி அதை எழுதியிருந்தார்: நிறுத்தும்போது கட்டை வைக்கப்படுகிறது. பழுதுக்குச் சாட்சியாக இருக்க வேண்டிய கட்டையைப் பாதுகாப்புக்குச் சாட்சியாகக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

சாயந்தரம் டிரைவரைக் கந்தப்பளைச் சந்தியில் பிடித்தேன்.

"ஏண்ணே இல்லைன்னு எழுதினீங்க?"

"உள்ளதை எழுதினா என்ன நடக்கும்? வண்டிய உள்ள போட்டுருவாங்க. டவுனுக்குன்னா வேற வண்டி வரும். ஒங்களுக்கு வருமா? புள்ளைங்க ஏழு மைல் நடக்கணும். இந்த பஸ்ஸுக்கு எத்தன பெட்டிசன் போட்டீங்கன்னு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. பெட்டிசன்களை எழுதியதே நான்தான். இன்னொன்றும் மறக்கவில்லை. அந்தக் கட்டைகளை வெட்டிக் கொடுத்தது டிப்போ அல்ல. ஹேண்ட் பிரேக் செத்துப்போன நாளிலிருந்து, பிள்ளை அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து ஒரு கட்டை வெட்டிக் கொடுத்தது. போன மாதத்துக் கட்டை என்னுடையது. கேட்டுக் கேட்டு வாங்கிய பஸ், குறை சொன்னால் போய்விடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் குறையை மறைக்கும் வேலையையும் நாங்களே செய்தோம். நகரத்துப் பெற்றோர் ஒருவராவது டயருக்குக் கட்டை வெட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மறுநாள் காலை, பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பெண்கள் கூடையோடு நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிடத் தொடங்கியிருந்தார். அறிவித்தலைத் தமிழில் சொன்னேன். டிப்போவில் பார்த்ததையும் சொன்னேன்.

முதலில் எதிர்த்தவள் எங்கள் லயத்துக்காரி. மூன்று பிள்ளைகளை அனுப்புபவள். "நிப்பாட்டினா திரும்பி வராதுண்ணே. நீங்க ஒங்க மகளுக்கு வீட்டுலயே சொல்லிக் குடுப்பீங்க. எங்க வீட்டுல யாரு இருக்கா? நானா, இந்தக் கூடையா?"

"அப்ப புள்ளைங்க பள்ளத்துல விழுந்தா பரவாயில்லையா?" என்றாள் இன்னொருத்தி.

"வாயக் கழுவுடி!"

"நீ மொதல்ல பஸ்ஸக் கழுவி சாமி கும்பிடு. அதுதானே இப்ப பிரேக்கு!"

கங்காணி குறுக்கே வந்தார். "போதும், போதும். பேரு கூப்பிடணும். மலைக்குப் போங்க."

"பேரெல்லாம் இங்கதான் இருக்கு கங்காணி, ஓடிறாது," என்றாள் மூன்று பிள்ளைக்காரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "கட்ட இல்லாம நிக்குதான்னு பாப்போம். நின்னா எம்புள்ளைங்க ஏறும். நிக்கலன்னா நீங்க சொல்றதக் கேக்குறேன்."

எல்லோரும் ரோட்டில் இறங்கி நின்றோம். பஸ் வந்தது. கண்டக்டர் கட்டையோடு குதிப்பதற்குள் அவள் போய் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளை மேட்டில் தேயிலைப் பக்கமாக நிறுத்தினோம். கண்டக்டரும் ஒதுங்கி நின்றார். டிரைவருக்குக் கோபம். "முப்பது வருசமா ஓட்டுறேன், எனக்கே பரீட்சையா?" என்றார். ஆனாலும் கியரை எடுத்துவிட்டு, மிதியை அழுத்திக்கொண்டு, ஏற்றத்தில் நிறுத்திக் காட்டினார்.

பஸ் நின்றது. ஒரு பெண் கைதட்டினாள். மேட்டில் பிள்ளைகள் சத்தமாக எண்ணத் தொடங்கினார்கள். பதினொன்று எண்ணும்போது டிரைவரின் தோள் கீழே இறங்குவது தெரிந்தது. கால் மிதியோடு தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. பஸ் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. அவர் மீண்டும் மீண்டும் மிதித்தார். மூன்று தடவைக்கு மேலும் மிதித்தார். கடைசியில் ஸ்டியரிங்கை ஒடித்து, மண்மேட்டுப் பக்கம் மழைநீர் ஓடும் கானுக்குள் பின் சக்கரத்தை இறக்கினார். மறுபக்கம் பள்ளம். ஆழத்தை நான் அளந்ததில்லை. அடியிலிருந்த வாகை மரத்தின் உச்சி எங்கள் காலுக்குக் கீழே தெரிந்தது.

டிரைவர் இறங்கி வந்து, பிள்ளைகள் நின்ற பக்கத்தை ஒரு தடவை பார்த்தார்.

"இன்னைக்கே எழுதிக் குடுத்துர்றேன்," என்றார்.

அவர் எழுதிக் கொடுத்தார். பிற்பகல் பஸ்ஸை இழுத்துக்கொண்டு போனார்கள். மாற்று பஸ் வாரக் கடைசியில் வரும் என்றார்கள், பிறகு மாதக் கடைசியில் என்றார்கள். நான் டிப்போவுக்கு ஆறு தடவை போனேன். ஆறாவது தடவை தேநீர் வரவில்லை. இரண்டு பஸ்களுக்கு ஒரே நாளில் மாற்று கிடைத்த டிப்போவில் எங்கள் பாதைக்கு மட்டும் பஸ் இல்லை. எப்படி என்று கேட்டேன். தட்டுப்பாடு என்று பதில் வந்தது.

அறிவித்தல், செஸி இலக்கம், படிவம், கட்டை எல்லாவற்றையும் வைத்து இரண்டு பக்கச் செய்தி எழுதி அனுப்பினேன். நாலு வரி வந்தது. தோட்ட மக்கள் பஸ்ஸை மறித்ததால் பாடசாலைச் சேவை தடைப்பட்டது என்று தலைப்பு. கூட்டியது குறைத்தது யார் என்று கேட்டுக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. அந்தப் பத்திரிகைக்கு நான் அனுப்பிய கடைசிச் செய்தி அது.

முதல் வாரம் பிள்ளைகள் கூட்டமாக நடந்தார்கள். ஐந்தரைக்குப் புறப்பட்டால்தான் மணியடிப்பதற்குள் சேரலாம். மழை பிடித்ததும் சின்னவர்கள் நின்றுவிட்டார்கள். பிறகு பெண் பிள்ளைகள். என் மகள் மூன்றாம் வாரம் காய்ச்சலில் விழுந்தாள். அதற்குப் பிறகு நான் அவளை அனுப்பவில்லை. மூன்று பிள்ளைக்காரியின் மூத்தவன் மட்டும் பாடசாலைத் தவணை முடியும்வரை போய் வந்தான்.

தவணை முடிவில் மகளின் அறிக்கையை வாங்கப் பாடசாலைக்குப் போனேன். வகுப்பாசிரியை வரவுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக் கையெழுத்துக் கேட்டார். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வராத நாட்களுக்குச் சிவப்பு மையில் கோடு. காரணம் எழுதும் பத்தியில், எல்லாப் பெயர்களுக்கும் பொதுவாக அடைப்புக்குறி போட்டு, ஒரே தடவை எழுதியிருந்தார்கள்: பெற்றோரின் அக்கறையின்மை.