தண்டவாளம் போட்ட படகு

அன்றைக்கு பாரிஸின் லா சப்பலில், துணிக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நாங்கள் நாலு பேர்: நான், என் மனைவி, அகதிக் கேஸ் எழுதிக்கொடுக்கும் அண்ணை, அதைப் பிரெஞ்சில் மாற்றும் புதுச்சேரி மதாம். என் வழக்கு முதல் தரம் நிராகரிக்கப்பட்டிருந்தது. மேன்முறையீடும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிராகரித்ததற்குக் காரணம் என் வாய்தான். மீன்பிடிப் படகு திருத்துகிறவன் என்று சொல்லும்படி அண்ணை பாடமாக்கித் தந்திருந்தார். அப்படியே சொன்னேன். கடைசியாகத் திருத்திய படகைப் பற்றி விசாரணை அதிகாரி கேட்டார். பயத்தில், கை செய்த வேலையை வாய் சொல்லிவிட்டது: ஐஸ் அறையைப் பிடுங்கினோம், தளத்தில் இரட்டைத் தண்டவாளம் பற்றவைத்தோம், பின்பக்கத் தகட்டை வெட்டித் திறந்தோம். மீன் பிடிக்கத் தண்டவாளம் எதற்கு என்றார். நான் தண்ணீர் கேட்டேன்.

"உன்னை ஆர் தம்பி கடல்லை ரயில் விடச் சொன்னது?" என்று அண்ணை பாய்ந்தார். "வலை இழுக்கிற உருளை எண்டு மாத்துவம்."

மதாம் பேனாவை மூடினார். "நெசமா எதுக்குப் போட்டீங்க தம்பி? நான் எழுதல, சொல்லுங்க."

சொன்னேன். கடலில் கண்ணிவெடி இறக்க. போர்க்காலம், வெல்டிங் தெரிந்தவன் என்று பட்டறையிலிருந்து என்னை இயக்கத்துக்காரர் கொண்டுபோனார்கள். வெடிகளை அடுக்கினால் படகின் பின்பக்கம் தாழும். அதனால் முன்னறையில் சீமெந்து ஊற்றினோம். ஒன்றை இறக்கும்போது மற்றதும் சறுக்காமல் ஒவ்வொன்றுக்கும் தடுப்புக் கட்டை வைத்தோம். நான் வைத்த கட்டை கழன்றுவிடுமோ என்று தூக்கமில்லை. படகு எங்கே போனது, யாருக்கு என்ன ஆனது, தெரியாது.

"முடிஞ்சுது," என்றார் அண்ணை. "இதைச் சொன்னால் உனக்கு விசா இல்லை, விலங்குதான்."

மனைவி என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, பொய்யை எத்தினை தரம் பாடமாக்கினாலும் அங்கை போய் உளறத்தான் போறியள். உளறுறதை உண்மையாய் உளறுங்கோ."

"கட்டாயத்துல செஞ்சீங்கன்னும் சொல்லணும்," என்றார் மதாம். "நம்புவாங்களான்னு எனக்குத் தெரியாது."

"எழுதுங்கோ மதாம்," என்றேன்.

அண்ணை எழும்பிவிட்டார். "உண்மைக்கு நான் தேவையில்லை. முந்தி எழுதினதுக்குக் கூலி தேவை."

மேன்முறையீட்டு விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. தெருவில் அண்ணையைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறேன். பாக்கி முந்நூறு யூரோ.