ராசியில்லாத கால்

தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் மந்திரமூர்த்திக்கு முகம் சுளிப்பது ஒரு வியாதி மாதிரி. "பொறக்கும்போதே சுளிச்சிக்கிட்டுத்தான் பொறந்திருப்பாரு" என்பாள் அவர் மனைவி சந்தனமாரி. இருபத்திரண்டு வருஷத் தொழிலில் அவருக்குக் குமட்டலை வரவழைத்தது கிரீசும் கழிவு ஆயிலும் அல்ல. கரண்ட் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் சாமானை மாற்றுகிறவர்கள்தான். அப்படி ஒருவனோடு பேச நேர்ந்தால், பேசி முடித்ததும் எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வருவார்.

அன்று காலை வந்தது ஞானசம்பந்தத்தின் லாரி. புளியங்குடியிலிருந்து கேரளத்துக்கு எலுமிச்சம்பழம் ஏற்றும் வண்டி. மூன்று மாதமாகப் புளியறை மலையில் ஏறும்போது இழுவை சட்டென்று செத்துப்போகிறது. டீசல் பில்டர், பம்ப், ஆக்சிலேட்டர் மிதி எவ்வளவு அமுங்குகிறது என்று இன்ஜினுக்குச் சொல்லும் த்ராட்டில் சென்சார் என்று ஆளுக்கொன்றாக மாற்றியிருந்தார்கள்.

"எவனாவது மீட்டர் வச்சிப் பாத்தானா?"

"இல்லண்ணே" என்றான் டிரைவர் விஜய்பாண்டி.

"த்தூ!"

முதலாளி ஞானசம்பந்தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் வந்தார். "வண்டியில ஒரு கோளாறும் இல்ல மூர்த்தி. இவன் காலுதான் ராசியில்லாத காலு. சேந்த மொத வாரமே ரெண்டு டயரு வெடிச்சிது. இன்னைக்கு நீ பாத்தும் மலையில நின்னுச்சின்னா சாவிய வாங்கிட்டு வேற ஆளப் போட்டுருவேன்."

விஜய்பாண்டி தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி நிவேதாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இருபத்தாறு நாள் ஆகிறது. கடையநல்லூரில் மாமனார் வீட்டு வாசல்வரை போய்விட்டுப் பிள்ளையைப் பார்க்காமலே திரும்பி வந்திருக்கிறான். "இந்தக் காலோட உள்ள போயி பிள்ளைக்கு ஏதாவது ஆயிட்டுன்னா?" என்று அவன் ஒதுக்குப்புறமாகச் சொன்னபோது மந்திரமூர்த்தி முகத்தைச் சுளித்தார். ஒருத்தன் தன் காலையே நம்பாதபடி பண்ணிவிட்டார்களே, பாவிகள்!

கேபினில் ஏறினார். புளித்த வாடை அடித்தது. எலுமிச்சை வண்டியில் எலுமிச்சை நாறினால் யாருக்குச் சந்தேகம் வரும்? சென்சாரிலிருந்து வரும் வயரில் தன் பழைய ஊசி மீட்டரைப் பிடித்து, மிதியைக் கையால் மெதுவாக அமுக்கினார். ஊசி சீராக ஏற வேண்டும். ஏறியது, பாதி மிதிக்கு வந்ததும் தொப்பென்று பூஜ்யத்தில் விழுந்தது. மறுபடி அமுக்கினார். அதே இடத்தில் விழுந்தது. அந்த நொடியில் டிரைவர் காலை எடுத்துவிட்டான் என்று இன்ஜின் நினைத்துக்கொள்ளும். மலை மேடா, பின்னால் பஸ் வருகிறதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

"சென்சார் போயிருக்கு."

"அது புதுசுல்லா? மாத்தி ஒரு மாசங்கூட ஆவல" என்றார் ஞானசம்பந்தம்.

"புதுசு ஒரு மாசத்துல எப்படிச் சாவும்?"

மிதியடி விரிப்பைப் பிய்த்துத் தூக்கினார். மிதிக்குப் பின்னால், சென்சாருக்கு நேர் மேலே, மஞ்சள் துணியில் தனித்தனியாகக் கட்டிய நாலு எலுமிச்சம்பழங்கள் கறுத்துக் கூழாகிக் கிடந்தன. புழு நெளிந்தது. வடிந்த சாறு சென்சார் பிளக்குக்குள் இறங்கி, அதன் செம்புக் கம்பிமுனைகளையெல்லாம் பச்சைப் பச்சையாக அரித்திருந்தது. கீழே குதித்து ஓங்கரித்தார்.

"யாருலே இத வச்சது?"

விஜய்பாண்டி விழித்தான். ஞானசம்பந்தம்தான் தொண்டையைச் செருமினார். "நாந்தான். குறி சொல்லுத கோடாங்கி குடுத்தாரு. அமாவாசைக்கு ஒண்ணா இவன் வலது காலு படுத எடத்துக்கிட்ட வைக்கணும், எடுக்கவே கூடாதுன்னுட்டாரு. சென்சார் மாத்துனவனக்கூடத் தொட விடல."

"சீ! அவன் காலுக்குப் பயந்து நீரு வச்ச பழந்தான் அழுகி சென்சாரத் தின்னுருக்கு. அதுல வண்டி நிக்கி. நின்னதும் அவன் காலச் சொல்லுதீரு. நல்லா இருக்குவே ஒம்ம நியாயம்!"

முதலாளி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "சரி, மாத்திரு. அடுத்த அமாவாசைக்குச் சீட்டுக்கு அடியில வச்சிக்கிடுதேன்."

மந்திரமூர்த்தி போய் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

புது பிளக்கும் சென்சாரும் மாட்டி, மீட்டரை வயரிலேயே விட்டுவைத்து, மத்தியானம் முழு லோடோடு அவரும் கூடவே ஏறிப் போனார். மலை முழுக்க ஊசி ஒரு இடத்தில்கூட விழவில்லை. மேலே ஓரமாக நிறுத்திவிட்டு விஜய்பாண்டி கேட்டான்: "அப்ப எங் கால்ல ஒண்ணும் இல்லைல்லாண்ணே?"

"மீட்டர்லயே பாத்தேல்லா?"

"அது வண்டிக்கு." அவன் செருப்பைக் கழற்றி வலது காலை நீட்டினான். "இதுலயும் ஒரு தடவ வச்சிப் பாத்துருங்கண்ணே."

காறித் துப்பலாம் போலிருந்தது அவருக்கு. இதைச் செய்தால் கோடாங்கிக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? ஆனாலும் குனிந்தார். மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்தக் காலில் வைத்து, அசையாத ஊசியை ரொம்ப நேரம் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"கரெக்டா இருக்கு. லோட எறக்கிட்டு நேரே போயி பிள்ளையத் தூக்குலே."

தன்மேலேயே அருவருப்போடு பஸ் பிடித்துப் பட்டறைக்குத் திரும்பியவர், அன்று கை கழுவ மறந்துபோனார்.