கஸ்தூரியின் வலது கை

“லீவு நாள்ல ஊட்லயே குந்திகினு கீறியே, எங்கனா போய்ட்டு வாப்பா” என்று மகள் விரட்டியதால்தான் பூந்தமல்லியில் பஸ் ஏறி நகரத்து ஓவியக்கூடத்துக்குப் போனேன். தொழிலாளர்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி. எனக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும்? எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள், நானும் கட்டிக்கொண்டேன். ஏ.சி. நன்றாக இருந்தது.

ஏழெட்டுப் படம் தாண்டியதும் ஒரு கை. முறத்தைப் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் வலது கை. நடுவில் இரண்டு விரல் இல்லை. மணிக்கட்டுக்கு மேலே பச்சை குத்திய சின்ன மயில். ஆளை அடையாளம் காண முகமே தேவைப்படவில்லை. கஸ்தூரி.

அந்தக் குளிர்ந்த அறையில் எனக்கு மெஷின் ஆயில் நாற்றம் அடித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியின் நாற்றம். சட்டையில் ஏறினால் மூன்று முறை துவைத்தாலும் போகாது. பஸ்ஸில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவார். எனக்கு அதில் பெருமைகூட உண்டு, ஃபிட்டர் என்றால் சும்மாவா! கஸ்தூரி பருத்திப்பட்டிலிருந்து வருவாள், பிரஸ் மெஷினில் தகடு வெட்டுவாள். கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் டிபன் மூடியில் எனக்கும் கொஞ்சம் வரும்.

கை உள்ளே போகாமல் இருக்க மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை மெதுவாகத்தான் ஓடும். ஒரு நாள் அவசர ஆர்டர். சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார். ஸ்பேனரை எடுத்துக் கழற்றியது நான்.

“இன்னாண்ணா, கைக்கு ஒண்ணும் ஆவாதே?” என்றாள் கஸ்தூரி.

“நான் கீறேன்ல, ஓட்டு” என்றேன். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் மெஷினை நிறுத்தியிருந்தார்கள்.

விசாரணையில் கையில் கட்டோடு அவளும் உட்கார்ந்திருந்தாள். தடுப்பை யார் கழற்றியது என்று மேனேஜர் கேட்டார். சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார்.

“அந்தம்மாவேதான் கழட்டியிருக்கணும் சார்” என்றேன். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேன். மகள் அப்போது கைக்குழந்தை; இந்தக் காரணத்தை எத்தனை முறை எனக்கே சொல்லிக்கொண்டேனோ. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு. அதன் பிறகு பருத்திப்பட்டுப் பக்கமே நான் தலைவைத்துப் படுக்கவில்லை.

படமெடுத்த பெண் அருகில் வந்தாள். “இவங்கள உங்களுக்குத் தெரியுமா அங்கிள்?”

“தெரியாதும்மா” என்றேன். அவள் விஷயத்தில் இது இரண்டாவது பொய்.

“போன மழையில தவறிட்டாங்க. கை எப்டி போச்சுன்னு கேட்டேன். நானேதான் தடுப்பக் கழட்டுனேன், என் தப்புதான்னு சொன்னாங்க.”

நான் எழுதிக் கொடுத்ததை அவள் கடைசிவரை மாற்றவில்லை. ஏன் என்று தெரியாது. எனக்காகச் சொல்லியிருப்பாள் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. அந்த ஆசையே அசிங்கம்.

மறுநாள் எஸ்டேட்டுக்குப் போனேன். கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள்; பிரஸ் ஓடிய பக்கம் கார்கள் நிற்கின்றன. மேனேஜர் எங்கேயோ, சூப்பர்வைசர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காகிதம் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ.

“யாரப் பாக்கணும் சார்?” என்றார் வாட்ச்மேன்.

“இங்க முன்னாடி ஒரு கம்பெனி இருந்துது” என்றேன்.

“அப்டியா சார்?” என்றார் அவர்.